திசுக்கள் நான்குதான் என்றால், ஓடும் ரத்தமும் இறுகிய எலும்பும் எப்படி ஒரே வகை?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். விலங்குத் திசுக்கள் பாடத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள். எபிதீலியம் மூடும், இணைப்புத் திசு இணைக்கும், தசைத் திசு சுருங்கும், நரம்புத் திசு செய்தி கடத்தும். அதற்குமேல் அவள் கேட்பவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

ரத்தம் ஓடுகிறது, எலும்பு இறுகி நிற்கிறது, கொழுப்பு குழைகிறது. மூன்றையும் இணைப்புத் திசு என்ற ஒரே பெயருக்குள் அடைத்தது என்ன நியாயம் என்கிறாள். அடுத்த கேள்வி அவள் பாட்டியைப் பற்றியது. பாட்டிக்கு முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, அது திரும்ப வளராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போன வருடம் இவள் கை முறிந்தபோதோ மாவுக்கட்டுப் போட்டதும் எலும்பு கூடிவிட்டது. எலும்பு கூடுகிறது, குருத்தெலும்பு மட்டும் ஏன் கூடுவதில்லை? தெரிந்தவர்கள் விளக்கினால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

கண்ணாடிச்சில்லு

நான் திசுநோயியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் மகளுக்குப் பட்டியலைவிட ஒரு ஸ்லைடைக் காட்டுவதே நல்லது. முடியாததால் எழுதிக் காட்டுகிறேன்.

அறுவை அரங்கிலிருந்து வரும் துண்டு முதலில் ஃபார்மலினில் ஊறும். பிறகு ஆல்கஹாலில் நீரை நீக்கி, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் நான்கைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவுவோம். அந்தச் சீவல் வெதுவெதுப்பான நீரில் மிதந்து சுருக்கம் நீங்கி விரியும். அதை ஸ்லைடில் ஏந்தி, ஹிமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களில் தோய்த்தால் செல்லின் உட்கருக்கள் ஊதாநீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

இப்போது சிறுகுடலின் சீவல் ஒன்றைப் பாருங்கள். உட்புற விளிம்பில் உயரமான செல்கள் இடைவெளியே இல்லாமல் வரிசையாக நிற்கும். அவற்றின் உட்கருக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அது தூண் எபிதீலியம். உணவை உறிஞ்சுவதும் சளி சுரப்பதும் அதன் வேலை. அந்த வரிசையின் பாதத்தில் அடிப்படைச் சவ்வு என்ற மெல்லிய படலம். அதற்குக் கீழே காட்சி சட்டென்று மாறும். பாயசத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முந்திரி கிடப்பதுபோல, இளஞ்சிவப்பு இழைகளுக்கு நடுவே செல்கள் சிதறிக் கிடக்கும். ரத்தக் குழாய்களும் அங்கேதான். அது இணைப்புத் திசு. இன்னும் வெளியே போனால் மென்தசை, உள்ளே வட்டமாக ஓர் அடுக்கு, வெளியே நீளவாக்கில் ஓர் அடுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் கூர்ந்து பார்த்தால் பெரிய உட்கருவோடு நரம்பு செல்கள் சிறு கொத்தாக இருக்கும். குடலின் அசைவை நடத்துபவை அவை. தலைமுடியைவிட மெல்லிய ஒரே சீவலில் நான்கு திசுக்களும் இருக்கின்றன.

உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்தச் சிதறலில் இருக்கிறது. எபிதீலியத்தில் செல்கள் ஒட்டி நிற்கின்றன. இணைப்புத் திசுவில் செல்கள் விலகி நிற்கின்றன, நடுவில் செல்களுக்கு வெளியே இருக்கும் மேட்ரிக்ஸ் என்ற நிரப்புப் பொருள்தான் அந்தத் திசுவின் குணத்தைத் தீர்மானிக்கிறது. அது கால்சியம் பாஸ்பேட்டால் இறுகினால் எலும்பு, கொலாஜன் என்ற புரத இழைகள் ஒரே திசையில் முறுக்கேறினால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண், நீரைப் பிடித்துவைக்கும் கெட்டியான கூழானால் குருத்தெலும்பு, திரவமாக ஓடினால் ரத்தம்.

எதிர்க்கேள்வி

கண்ணாடிச்சில்லு அவர்களே, குடல் சீவல் அருமை. ஆனால் ரத்தத்தை அதே மூச்சில் சேர்த்ததை நான் ஏற்கமாட்டேன்.

எலும்பில் மேட்ரிக்ஸைச் சுரப்பவை அந்த எலும்பு செல்களே. குருத்தெலும்பிலும் அப்படியே. ரத்தத்தின் மேட்ரிக்ஸ் பிளாஸ்மா என்ற திரவம், அதைச் சிவப்பணுக்களா சுரக்கின்றன? பிளாஸ்மாவின் அல்புமின், ஃபைப்ரினோஜன் என்ற புரதங்கள் கல்லீரலில் உண்டாகின்றன. இணைப்புத் திசுவுக்கு அடையாளமான இழைகளும் ஓடும் ரத்தத்தில் கிடையாது. ரத்தம் உறையும்போதுதான் ஃபைப்ரின் இழையாகிறது. அந்தக் குழந்தை கேட்டது நியாயமான கேள்வி. பாடநூல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

பழைய_விலங்கியல்

நீண்ட காலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எதிர்க்கேள்வியின் வாதம் வலுவானது, உயிரியலாளர்களிடையே இருக்கும் வாதமும்கூட. ரத்தத்தை இந்தக் குடும்பத்தில் வைத்திருப்பது பிறப்பு. கருவின் நடு அடுக்கில் மீசென்கைம் என்ற தளர்வான செல்கூட்டம் உண்டு. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, தசைநாண் இவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து வருகிறது. ரத்தச் செல்களும் நடு அடுக்கின் வாரிசுகள்தாம். பிறந்த பிறகும் அவை உருவாகும் இடம் எலும்பின் மஜ்ஜை.

ஆனால் பிறப்பை மட்டும் வைத்தும் பிரிக்க முடியாது. தசையும் நடு அடுக்கின் பிள்ளைதான், அதற்குத் தனி வகை கொடுத்திருக்கிறோம். எபிதீலியமோ கருவின் மூன்று அடுக்குகளிலிருந்தும் வருகிறது. தோலின் மேல்பகுதி வெளி அடுக்கிலிருந்து, குடலின் உட்பூச்சு உள் அடுக்கிலிருந்து, ரத்தக் குழாயின் உட்பூச்சு நடு அடுக்கிலிருந்து. ஆக, நான்கு என்ற கணக்கு அமைப்பு, வேலை, பிறப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்து மனிதன் போட்ட கணக்கு. உங்கள் மகள் அதை அப்படியே தெரிந்துகொள்ளட்டும், அதில் குறை ஒன்றுமில்லை.

முதன்முதலில் இப்படிப் பிரித்தவர் கண்ட எண் நான்கும் அல்ல. பாரிஸில் சேவியர் பிஷா 1801இல் தமது பொது உடற்கூறியல் நூலில் 21 வகைத் திசுக்களைச் சொன்னார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. உறுப்புகளைக் கொதிக்கவைத்தார், உலர்த்தினார், அழுகவிட்டார், அமிலத்தில் போட்டார். எது கரைகிறது, எது சுருங்குகிறது, எது அப்படியே நிற்கிறது என்று பார்த்துப் பிரித்தார். நோய் என்பது முழு உறுப்பையும் பிடிப்பதல்ல, அந்த உறுப்பின் ஒரு திசுவைப் பிடிப்பது என்று அவர் கண்டதுதான் இன்றைய நோயியலுக்கு அடித்தளம். அடுத்த ஆண்டே 30 வயதில் இறந்துபோனார்.

அவர் செய்தவற்றில் சிலவற்றை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து சில நாட்கள் வினிகரில் போட்டு வையுங்கள், இடையில் வினிகரை மாற்றுங்கள். கனிமம் கரைந்து கொலாஜன் மட்டும் மிஞ்சும், எலும்பு வளையும். அடுப்புக் கரியில் சுட்டெடுத்த எலும்பில் இதற்கு நேர்மாறு: கொலாஜன் எரிந்து கனிமம் மிஞ்சும், அழுத்தினால் பொடியும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தசைநாணிலும் தோலிலும் இருந்த கொலாஜன் கொதியில் அவிழ்ந்து ஜெலட்டின் ஆகியிருக்கிறது. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன். முறியாமல் தாங்குவதற்கு இரண்டும் வேண்டும்.

வைகைக்கரை

பழைய_விலங்கியல் ஐயா, நன்றி. எலும்பை வினிகரில் போட்டிருக்கிறோம், இப்போதே முனை நெகிழத் தொடங்கிவிட்டது. ரத்தத்தைப் பற்றி மகளுக்கு ஒருவாறு சமாதானம். எதிர்க்கேள்வி சொன்னதைத்தான் அவளுக்கு அதிகம் பிடித்திருக்கிறது. பாட்டியின் முழங்கால் இன்னும் பாக்கி.

நடைபயிற்சி

நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருக்கிறேன். முழங்கால் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

எலும்பு பார்வைக்கு உயிரற்றதுபோல் இருந்தாலும் ரத்தம் நிறைய ஓடும் திசு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஹாவர்ஸியன் குழல்கள் தெரியும், ஒவ்வொன்றிலும் ரத்தக் குழாயும் நரம்பும் போகின்றன. எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டிக்குள் புதிய குழாய்களும் செல்களும் நுழைந்து முதலில் மென்மையான ஒரு பாலத்தைப் போடும். அந்தப் பாலத்தில் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிறகு அது எலும்பாக மாறும். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வேலை முடிவதில்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் தேவையற்றதைக் கரைக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் தேவையான இடத்தில் கட்ட, எலும்பு மாதக்கணக்கில் பழைய வடிவத்துக்குச் செதுக்கப்படும். தழும்பு இல்லாமல் ஆறும் திசு உடம்பில் குறைவு. எலும்பு அந்தச் சிறுபான்மையில் ஒன்று.

மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதன் செல்கள் தாமே சுரந்த மேட்ரிக்ஸுக்குள் சிறு குழிகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. உணவு மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வரவேண்டும். நடக்கும்போது அழுத்தம் கூடிக் குறைவது அந்த ஊட்டம் ஊறுவதற்குத் துணைசெய்கிறது. கீறல் விழுந்தால் ரத்தம் கட்ட வழியில்லை, சரிசெய்யும் செல்கள் வந்து சேரவும் வழியில்லை. நரம்பு இல்லாததால் தேய்மானத்தின் தொடக்கத்தில் வலியும் தெரிவதில்லை. பாட்டிக்கு இப்போது இருக்கும் வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டைச் சுற்றிய உறையிலிருந்தும் வருவது. மருத்துவர் அனுமதித்த அளவுக்கு நடப்பதையும் தொடைத் தசைக்கான பயிற்சிகளையும் அவர் விட்டுவிட வேண்டாம்.

எதிர்க்கேள்வி

நடைபயிற்சி, உங்கள் விளக்கத்தில் ஓர் இடம் இடறுகிறது. எபிதீலியத்திலும் ரத்தக் குழாய் கிடையாதே! தோலின் மேல்பகுதியைச் சீவினால் ரத்தம் வராது. அப்படியிருந்தும் உடம்பிலேயே வேகமாக ஆறுவது அதுதான். ரத்தமில்லாததால் குருத்தெலும்பு ஆறாது என்றால் எபிதீலியம் எப்படி ஆறுகிறது?

நடைபயிற்சி

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ரத்தக் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பிரியக்கூடிய செல்கள் கைவசம் இருக்கின்றனவா, இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எபிதீலியம் மெல்லியது, அடிப்படைச் சவ்வுக்கு உடனே கீழே இணைப்புத் திசுவில் ரத்தம் ஓடுகிறது, ஊட்டம் எளிதில் ஊறி ஏறிவிடும். அதன் அடிவரிசையில் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருக்கும் மூலச்செல்கள் உண்டு. குடலின் எபிதீலியம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. தோலின் மேல்பகுதிக்கு ஒரு மாதம் அளவில் ஆகும். வளர்ந்தவரின் குருத்தெலும்பு செல்களோ அரிதாகவே பிரிகின்றன, பிரிந்தாலும் குழியை விட்டு நகர முடியாது.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் இழையம் என்றே படிப்பிக்கிறோம், விடயம் ஒன்றுதான். தசையிழையத்தை ஒருவரும் தொடவில்லை என்பதால் வருகிறேன்.

புத்தகங்கள் வன்கூட்டுத் தசை, மழமழப்பான தசை (மென்தசை), இதயத் தசை என்ற மூன்று வகையையும் குறுக்கு வரிகள் உண்டா இல்லையா, இச்சைக்குட்பட்டதா இல்லையா என்று அட்டவணையில் போட்டு முடித்துவிடும். காயப்பட்டால் என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் வேறுபாடு மனதில் நிற்கும். எலும்போடு இணைந்த வன்கூட்டுத் தசையின் நார் ஒவ்வொன்றும் பல கலங்கள் (செல்கள்) ஒன்றாகி உண்டானது, அதனால் பல உட்கருக்கள். நாரின் ஓரத்தில் துணைக் கலங்கள் உறங்கிக் கிடக்கும், நார் சிதைந்தால் அவை விழித்துப் புதியதைக் கட்டும். மழமழப்பான தசையில் கலங்கள் தாமே பிரியும். கர்ப்பப்பையைப் பாருங்கள், சாதாரணமாக 70 கிராம் அளவில் இருப்பது பேறுகாலத்தில் ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடுகிறது. இருக்கும் கலங்கள் பருப்பதே அதில் பெரும்பங்கு.

இதயத் தசைதான் பாவம். அதன் கலங்கள் கிளைவிட்டு, இடைத்தட்டுகளால் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்கின்றன. ஒரு கலம் தூண்டப்பட்டால் அடுத்ததுக்கும் துடிப்பு பரவும், அதனால்தான் முழு இதயமும் ஒரே தாளத்தில் அடிக்கிறது. ஆனால் புதுப்பிப்பு மிகக் குறைவு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் உயர்ந்தது. அந்த அளவு கலங்களின் டிஎன்ஏவிலும் பதிந்துவிட்டது. அதைக் கொண்டு சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் இதயக் கலங்களின் வயதைக் கணித்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று மாற்றப்படுகிறது, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. மாரடைப்பில் இறந்த பகுதியைக் கொலாஜன் தழும்பு நிரப்பும். அதாவது தசை போன இடத்தில் இணைப்பிழையம் வந்து உட்காரும். இதயம் கிழியாமல் அது காக்கும், சுருங்க மட்டும் மாட்டாது.

வெள்ளைச்சீருடை

நரம்புத் திசுவைப் பற்றிச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. தொழுநோயாளிகளைப் பராமரிக்கும் பிரிவில் செவிலியாக இருந்தேன். ஒரு திசு கெட்டால் மற்ற மூன்றும் எப்படி வரிசையாக விழும் என்பதை ஒரே கையில் பார்க்கலாம்.

நியூரான் என்ற நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்சானைச் சுவான் செல்கள் சுற்றிக்கொண்டு மயலின் உறையைத் தருகின்றன. அந்த உறை இருந்தால் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் பாயும். தொழுநோய்க் கிருமி அந்தச் சுவான் செல்களுக்குள் குடியேறுகிறது. உடம்பின் குளிர்ந்த பகுதிகள் அதற்குப் பிடிக்கும், அதனால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளைத் தேடிப் பிடிக்கும். முழங்கையின் உட்புறத்தில் அல்நார் நரம்பு தடித்து, விரலால் உருட்டினால் கயிறாகத் தட்டுப்படும். அந்த நரம்பு செத்தால் உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு ஆணை போகாது, அவை சூம்பும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி நிற்கும். அதே விரல்களில் சூடும் தெரியாது, வலியும் தெரியாது. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பார்கள், பீடி விரல்வரை எரிந்து வரும், தெரியாது. எபிதீலியம் பொசுங்கும். வியர்வைச் சுரப்பிகளுக்கும் நரம்பு இல்லாததால் தோல் வறண்டு வெடிக்கும். புண் ஆழமாகி எலும்புக்குப் போகும், எலும்பு கரையும், விரல் குட்டையாகும்.

விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுகின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. கொல்லிமலையில் பிறந்து 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற எலும்பியல் அறுவை மருத்துவர்தான் அதை மாற்றினார். உணர்விழந்த கையில் அன்றாடம் படும் காயங்களே விரலை அழிக்கின்றன, காயத்தைத் தடுத்தால் விரல் தங்கும் என்று காட்டினார். செயலிழந்த தசையின் இடத்துக்கு, நரம்பு கெடாத வேறொரு தசையின் தசைநாணைத் திருப்பி இணைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

எங்கள் பிரிவில் காலையில் முதல் வேலை கைகளையும் பாதங்களையும் பார்ப்பதுதான். நோயாளியே தம் பாதத்தைத் தூக்கிக் கண்ணால் பார்க்கப் பழகவேண்டும், ஏனென்றால் முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. வலியைச் சாபம் என்று பேசுவோரிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. இன்று கூட்டு மருந்து சிகிச்சையால் தொழுநோய் குணமாகிறது. தோலில் உணர்வற்ற தேமல் இருந்தால் உடனே காட்டுங்கள். கிருமியை மருந்து கொன்றுவிடும், செத்த நரம்பு அநேகமாகத் திரும்புவதில்லை.

வைகைக்கரை

மகள் இதை இரண்டு முறை படித்தாள். அறுந்த நரம்பு வளரவே வளராதா என்று கேட்கிறாள்.

வெள்ளைச்சீருடை

கை, கால் நரம்புகள் வளரும், அம்மா. நியூரானின் உடல் பிழைத்து, சுவான் செல்களின் குழல் வழிகாட்டினால் ஆக்சான் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நீளும். மணிக்கட்டில் வெட்டுப்பட்டு நரம்பைத் தைத்தவர்களுக்கு விரல்நுனி உணர்வு திரும்ப மாதங்கள் ஆவது அதனால்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் சுவான் செல் கிடையாது. அங்கே இருக்கும் துணைச் செல்கள் வேறு வகை, தழும்பு போட்டு வழியை அடைத்துவிடும்.

பாக்_நீரிணை

குறுக்கே ஒன்று. நான்கு திசு என்பது எல்லா விலங்குக்கும் பொருந்தாது. கடற்பஞ்சுகளில் உண்மையான திசுவே இல்லை. 1907இல் அமெரிக்க உயிரியலாளர் வில்சன் உயிருள்ள கடற்பஞ்சைத் துணியில் பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அவை தாமே ஊர்ந்து கூடி மறுபடி கடற்பஞ்சாயின. ஹைட்ரா என்ற சிறு நீர்வாழ் விலங்கில் ஒரே செல்லே வெளிப்புறம் எபிதீலியமாகவும் அடிப்பகுதியில் தசையாகவும் இருந்து இரண்டு வேலையும் செய்கிறது. பரிணாமத்தில் இந்த வேலைகள் பிரிந்த விதத்தைத் தெரிந்துகொள்ள ஹைட்ராவைவிட நல்ல இடம் இல்லை.

எதிர்க்கேள்வி

ஒன்றில் சிதறினாலும் சேர்கிறது, மற்றொன்றில் ஒரே செல் இரண்டு வகை. அப்படியானால் நான் முதலில் கேட்டதையே திருப்பிக் கேட்கிறேன். வகைகள் இவ்வளவு நெகிழ்வானவை என்றால், ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நான்கு பெயர்களால் என்ன பயன்? கண்ணாடிச்சில்லு சொல்லட்டும்.

கண்ணாடிச்சில்லு

தினமும் பயன்படுகின்றன. பயாப்சி ஒன்றில் கட்டி என்று தெரிந்தால், எந்தத் திசுவிலிருந்து கிளம்பியது என்பதை மருத்துவர் முதலில் பார்க்கிறார். எபிதீலியத்திலிருந்து வந்தால் கார்சினோமா. எலும்பு, கொழுப்பு, தசை போன்றவற்றிலிருந்து வந்தால் சார்கோமா. ரத்தம் உண்டாக்கும் திசுவிலிருந்து வந்தால் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயும் அதன் உறவுகளும். எதிர்க்கேள்வி அவர்களுக்கு இது பிடிக்கும்: புற்றுநோய்ப் பெயர்களில் ரத்தத்துக்கு எலும்போடு இடமில்லை, தனி இடம்தான். மூளையில் பெரும்பாலும் கட்டியாவது நியூரான் அல்ல, பிரியும் திறன் கொண்ட துணைச் செல்களும் மூளை உறையும். பெரியவர்களின் புற்றுநோய்களில் மிகப் பெரும்பங்கு கார்சினோமா என்பதற்கும் நடைபயிற்சி சொன்னதே முக்கியமான காரணம்: இடைவிடாமல் பிரியும் திசுவில் பிழை நேரவும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து அடிப்படைச் சவ்வு. மாறிய எபிதீலியச் செல்கள் அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றால், நோய் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று எழுதுவார்கள். எபிதீலியத்தில் ரத்தக் குழாயோ நிணநீர்க் குழாயோ இல்லாததால் பரவ வழியில்லை, அதை மட்டும் அகற்றினால் பெரும்பாலும் முடிந்துவிடும். கோட்டைத் தாண்டி இணைப்புத் திசுவில் ஒரு சிறு கொத்து இறங்கியிருந்தால் அங்கே குழாய்கள் இருக்கின்றன, சிகிச்சைத் திட்டமே மாறும். அந்தச் சந்தேகம் வரும்போது அதே மெழுகுக் கட்டியை எங்களுக்குத் திருப்பி அனுப்பி, இன்னும் ஆழமாகச் சீவித் தரச் சொல்வார்கள். இன்று காலை மட்டும் அப்படி மூன்று மெழுகுக் கட்டிகள் வந்திருக்கின்றன, இப்போது அவற்றைத்தான் சீவப்போகிறேன்.